பிளம்பர் வேலை கற்றுக்கொள்ள: முதல் ஒன்றரை ஆண்டு, எது முதலில் எது பிறகு

பிளம்பிங் வேலையில் பாதிக்கு மேல் சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் மறைந்துவிடும். டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒரு எல்போ (பைப்பைத் திருப்பும் மூலை இணைப்பு) கசிந்தால், அந்தச் சின்னச் சாமானுக்காக நாலைந்து டைல்ஸை உடைக்க வேண்டும். அதனால் மறையப் போகிற வேலையை முதலில் கற்க வேண்டும்: அளவு, கழிவுநீர் லைன், நல்ல தண்ணீர் லைன், பிரஷர் டெஸ்ட், கடைசியில் குழாய் மாட்டுவது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். மிக்ஸர் (சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலக்கும் குழாய்) மாட்டத் தெரிந்துவிடும், நஹானி ட்ராப் (பாத்ரூம் தரைத் தண்ணீர் வடியும் கிண்ணம்) எந்த மட்டத்தில் உட்கார வேண்டும் என்று தெரியாது. அப்படிப்பட்டவர்கள் ஐந்து வருடம் கழித்தும் ஹெல்பர் கூலிதான் வாங்குகிறார்கள்.

தமிழ்நாட்டில் பத்தாவது முடித்தவர்கள், இருபது வயதை ஒட்டி வேலை தேடுகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இது எழுதப்பட்டது.

1. முதலில் வயது, பிறகு பத்தாவது சான்றிதழ்

ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) சேர 14 வயது நிறைந்தால் போதும். கட்டடச் சைட்டில் வேலைக்கு நிற்க 18 ஆக வேண்டும். கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யும் வயதும் 18-தான். அதற்கு முன் சைட்டில் விழுந்து அடிபட்டால், வேலை செய்ததற்கான ஆதாரம்கூட உங்கள் கையில் இருக்காது. 18 ஆகாதவருக்கு ஐ.டி.ஐ. தான் வழி.

பத்தாவது தேறாமல் வந்தால் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ஈ.சி.ஆர். (குடியேற்றச் சோதனை தேவைப்படும்) பிரிவில் வரும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடியேற்ற அனுமதி தனியாக வாங்க வேண்டியிருக்கும். இந்தத் தொழிலில் வெளிநாட்டு ஆசை யாருக்கும் இரண்டு மூன்று வருடத்தில் வந்துவிடுகிறது. அப்போது உட்கார்ந்து பத்தாவது எழுதுவது கஷ்டம்.

2. மூன்று வழிகளில் எது

அரசு ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பிரிவு ஓராண்டு. முடிவில் அகில இந்தியத் தொழிற்தேர்வு, தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ். அரசு நிலையங்களில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்கள் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். பெண்களும் இந்தப் பிரிவில் சேரலாம்.

இரண்டாவது, தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் போன்ற அமைப்புகள் வழியாக நடக்கும் குறுகிய காலப் பயிற்சி. மூன்றாவது, ஒரு மேஸ்திரியிடம் கையாளாகச் சேருவது.

குடும்பம் ஓராண்டு தாங்கும் என்றால் ஐ.டி.ஐ. தான் நல்லது. வரைபடம் படிப்பது, திரெட் (மரை) வெட்டுவது, மட்டம் பார்ப்பது ஆகியவற்றை அங்கே நிதானமாகக் கற்கலாம். சைட்டில் யாரும் அதற்கு நேரம் தரமாட்டார்கள். ஆனால் வேலையின் வேகம் ஐ.டி.ஐ.யில் வராது. அதனால் ஐ.டி.ஐ. முடிந்ததும் தொழிற்பழகுநர் பயிற்சிக்கு, அதாவது அப்ரண்டிஸாகப் பதிவு செய்யுங்கள். உதவித்தொகையோடு சைட் அனுபவமும் தனிச் சான்றிதழும் கிடைக்கும்.

18 தாண்டியவர், வீட்டுக்கு உடனே பணம் வேண்டும் என்றால் மேஸ்திரியிடம் போகலாம். எந்த மேஸ்திரி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புது வீட்டு வேலை எடுக்கிறவரா, ரிப்பேர் மட்டும் செய்கிறவரா என்று கேளுங்கள். ரிப்பேர் மட்டும் செய்கிறவரிடம் சேர்ந்தால் டிரெயினேஜ் லைன் போடுவதைப் பார்க்கவே வாய்ப்பு வராது. பேட்டா எவ்வளவு, வாரக் கூலி எந்த நாளில் என்பதையும் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

3. ஐ.டி.ஐ. விண்ணப்பத்தில் தடுக்கி விழும் இடங்கள்

பத்தாவது முடிவு வந்த கையோடு, வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தைப் பார்க்கத் தொடங்குங்கள். விண்ணப்பம் ஆன்லைனில்தான். பிளம்பர் பிரிவுக்கு அந்த ஆண்டு கேட்கும் கல்வித் தகுதி விளக்கக் குறிப்பேட்டில் இருக்கும், அதைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படம், வங்கிக் கணக்கு ஆகியவை தேவைப்படும்.

எல்லா ஐ.டி.ஐ.யிலும் பிளம்பர் பிரிவு கிடையாது. இடம் கிடைக்கவில்லை என்று ஃபிட்டரில் சேர்ந்துவிட்டு, அதுவும் பைப் ஃபிட்டிங் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஃபிட்டர் என்பது இயந்திரப் பாகங்களைப் பொருத்தும் தொழில். அதற்கு இரண்டு ஆண்டு.

இன்னொன்று இனிஷியல் தகராறு. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, வங்கியில் வேறு மாதிரி என்று இருந்தால் உதவித்தொகை வருவது தடைபடும். ஒரு வருடம் கழித்து சான்றிதழிலும் அதே பிழை ஏறும். சேருவதற்கு முன்பே மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். வங்கிக் கணக்கில் ஆதாரை இணைக்கவும் மறக்காதீர்கள்.

4. கருவிகள்: ஒரே நாளில் வாங்காதீர்கள்

முதல் மாதம் வேண்டியவை ஐந்துதான்: 5 மீட்டர் டேப், ரசமட்டம், தூக்குக்குண்டு, பென்சில், பாக்கெட் நோட்டு. இவை மேஸ்திரியுடையது என்று கைநீட்டாமல் உங்களுடையதாக இருக்கட்டும். அளவெடுக்கும் கருவி கையில் இருக்கிறவனிடம்தான் அளவெடுக்கச் சொல்வார்கள்.

மூன்றாவது மாதம் சி.பி.வி.சி. (சுடுதண்ணீரும் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) கட்டர், 12 இஞ்ச் ஆக்ஸா பிரேம், 14 இஞ்ச் பைப் ரெஞ்ச், ஸ்க்ரூ ஸ்பேனர், அரைவட்ட அரம், உளி, சுத்தியல் வாங்குங்கள். ஆக்ஸா பிளேடு இஞ்சுக்கு 24 பல் உள்ளதாக இருக்கட்டும். பல் பெரிதாக இருந்தால் பிளாஸ்டிக் பைப்பின் ஓரம் சிதறும்.

சுவர் வெட்டும் மெஷின், டிரில்லிங் மெஷின், பிரஷர் பம்ப் எல்லாம் சொந்தமாக வேலை எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். ஷூவும் கண்ணாடியும் தூசி மாஸ்க்கும் முதல் நாளிலிருந்தே வேண்டும். சுவர் வெட்டும்போது பறக்கும் சிமெண்ட் தூசி நுரையீரலில் தங்கிவிடும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் அது தடுக்காது.

5. அளவு: முதல் இரண்டு மாதம் இதுதான்

சைட்டில் இஞ்ச், நூல், எம்.எம். மூன்றும் கலந்து பேசுவார்கள். ஒரு இஞ்சுக்கு 8 நூல். ஒரு நூல் ஏறக்குறைய 3 எம்.எம். "பதினெட்டே ரெண்டு நூல்" என்றால் 18¼ இஞ்ச். இது காதில் விழுந்த உடனே டேப்பில் விரல் போய் நிற்க வேண்டும்.

பைப் சைஸ் பெயர்களில் ஒரு குழி இருக்கிறது. சி.பி.வி.சி.யில் அரை இஞ்சுக்கு 15 எம்.எம்., முக்கால் இஞ்சுக்கு 20, ஒரு இஞ்சுக்கு 25 என்று பெயர். இவை பெயரளவு மட்டுமே, வெளி விட்டம் வேறு. தோட்டத்துக்குப் போடும் சாதாரண பி.வி.சி.யில் 20, 25, 32 என்பதெல்லாம் வெளி விட்டம். அங்கே 25 எம்.எம். என்றால் கிட்டத்தட்ட முக்கால் இஞ்ச். கடையில் "25 எம்.எம். எல்போ பத்து" என்று மட்டும் சொன்னால் தவறான சாமான் வரும். எந்த வகை பைப், எத்தனை இஞ்ச் என்று இரண்டையும் சொல்லுங்கள். கழிவுநீர் பைப்பில் 110 எம்.எம். என்பது 4 இஞ்ச், 75 எம்.எம். என்பது இரண்டரை இஞ்ச்.

அடுத்தது, வெட்டும் நீளத்தில் கழிக்க வேண்டிய கணக்கு. ஒரு எல்போவின் நடுவிலிருந்து அடுத்த எல்போவின் நடுவுக்கு 24 இஞ்ச் என்றால், பைப்பை 24 இஞ்சுக்கு வெட்டக் கூடாது. எல்போவின் நடுப்புள்ளியிலிருந்து, பைப் போய் முட்டும் உள்விளிம்பு வரை அளந்து பாருங்கள். அது 4 நூல் என்றால் இரண்டு எல்போவுக்கும் சேர்த்து 8 நூல், அதாவது 1 இஞ்ச் கழியும். பைப் 23 இஞ்ச். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும் என்பதால், புது லோடு வந்ததும் ஒரு எல்போ, ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு), ஒரு கப்ளர் (இரண்டு பைப்பை நேராக இணைப்பது) எடுத்து அளந்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பழக்கம் இல்லாதவர்கள் வெட்டி, வைத்துப் பார்த்து, மறுபடி வெட்டுவார்கள். ஒரு பாத்ரூமுக்கு மூன்று அடி பைப் குப்பைக்குப் போகும்.

6. கழிவுநீர் லைனை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்

நல்ல தண்ணீர் பிரஷரில் ஓடுகிறது, மேலே கீழே எப்படி வளைத்தாலும் போகும். கழிவுநீருக்குச் சரிவு மட்டுமே துணை. அதனால் இடம் போட்டி வரும்போது கழிவு பைப்புக்குத்தான் முன்னுரிமை, மற்றது சுற்றிப் போகலாம்.

4 இஞ்ச் பைப்புக்கு 40-க்கு 1 சரிவு என்பது நடைமுறைக் கணக்கு. 10 அடி என்றால் 120 இஞ்ச், 40-ஆல் வகுத்தால் 3 இஞ்ச் இறக்கம். சரிவு குறைந்தால் திடக்கழிவு தங்கும். மிக அதிகமானால் தண்ணீர் முந்திக்கொண்டு ஓடி, கழிவு பின்தங்கும். இரண்டிலும் அடைப்புதான். சரிவைக் கண்ணால் பார்க்காமல் ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) வைத்து இரு முனையிலும் குறியிடுங்கள். ட்யூபுக்குள் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும்.

பாத்ரூமில் புதியவர்கள் செய்யும் பிழைகள் பெரும்பாலும் இவை.

படுக்கை லைன்கள் சேரும் இடத்தில் நேர் டீ போடுவது. ஒய் (சாய்ந்த கிளை உள்ள இணைப்பு) போட்டு 45 டிகிரி பெண்டால் (வளைவால்) திருப்பினால் தண்ணீர் போகும் திசையிலேயே சேரும். டீ போட்டால் எதிர்ப்பக்கமும் கழிவு ஏறி அடைக்கும். திருப்பங்களில் டோர் (திறக்கும் மூடி) வைத்த பெண்ட் போடுங்கள், நாளைக்கு அடைப்பெடுக்கக் கம்பி விட வழி வேண்டும்.

சாக்கெட்டை (அடுத்த பைப் நுழையும் விரிந்த முனையை) திருப்பி வைப்பது. சாக்கெட்டின் வாய் தண்ணீர் வரும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். மாறி வைத்தால் ஒவ்வொரு ஜாயிண்ட்டும் ஒரு படிக்கட்டு. ரப்பர் ரிங் ஜாயிண்ட்டில் சோப்புத் தண்ணீரோ அதற்கென உள்ள ஜெல்லோ தடவுங்கள். கிரீஸும் ஆயிலும் ரப்பரை ஊத வைத்துக் கெடுக்கும். பைப்பை முழுக்கத் தள்ளிய பிறகு 10 எம்.எம். பின்னுக்கு இழுத்து விடுங்கள். வெயிலில் பைப் நீளும்போது அந்த இடைவெளிதான் தாங்கும்.

நஹானி ட்ராப்பை உயரமாக வைப்பது. முடித்த தரையின் சரிவுக்கெல்லாம் கீழே ஜாலி (துளையுள்ள மூடி) வர வேண்டும். ட்ராப்பில் 50 எம்.எம். தண்ணீர் நிற்பதுதான் நாற்றத்தைத் தடுக்கிறது. புது வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும் நாற்றம் வருகிறது என்றால், செங்குத்து பைப்பை மொட்டை மாடிக்கு மேல் கொண்டுபோய் கௌல் (காற்றுப் போக வழியுள்ள மூடி) போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். காற்று வழி இல்லாவிட்டால், மேல்மாடி கிளாசெட்டை ஃப்ளஷ் செய்யும்போது கீழே உள்ள ட்ராப்பின் தண்ணீரை அது உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

7. சி.பி.வி.சி. ஜாயிண்ட்: ஒரு நிமிட வேலை

வெட்டு நேராக இருக்க வேண்டும். கோணலாக வெட்டினால் சாக்கெட்டுக்குள் ஒட்டும் பரப்பு குறையும். வெட்டிய ஓரத்துப் பிசிறை அரத்தால் உள்ளும் புறமும் எடுங்கள். பிசிறு, தடவிய சொல்யூஷனை (பைப் ஒட்டும் பசையை) வழித்துத் தள்ளிவிடும். பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, சொல்யூஷன் இல்லாமல் செருகிப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் பைப் இறுக வேண்டும். லொடலொடவென்று அடி வரை போனால் அந்த ஃபிட்டிங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சாக்கெட்டின் ஆழத்தைப் பைப்பில் பென்சிலால் குறியுங்கள். பைப்பில் தாராளமாக, சாக்கெட்டுக்குள் மெல்லிசாகத் தடவுங்கள். உள்ளே அதிகம் போனால் வழிந்து தேங்கி, பைப்பின் உட்சுவரையே இளக்கும். குறி வரை செருகி, கால் சுற்று திருப்பி, 30 விநாடி பிடித்திருங்கள். உடனே விட்டால் பைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வரும். குறி வெளியே தெரிந்தால் ஜாயிண்ட் போச்சு என்று அர்த்தம், வெட்டி எறியுங்கள்.

சி.பி.வி.சி.க்கு அதன் சொல்யூஷன்தான், அது பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் வரும். யு.பி.வி.சி. (பச்சைத் தண்ணீருக்கான பைப்) சொல்யூஷனில் ஒட்டினால் இன்றைக்குப் பிடிக்கும், சுடுதண்ணீர் ஓடிய சில மாதத்தில் விடும். டப்பாவில் கூழாக இறுகிப்போனதைத் தின்னர் ஊற்றிக் கரைக்கவும் கூடாது.

திரெட்டில் டெஃப்லான் டேப்பை, திரெட் முனையை உங்கள் பக்கம் வைத்து வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். எதிராகச் சுற்றினால் முறுக்கும்போது உரிந்து வரும். பிளாஸ்டிக் பெண் திரெட்டுக்குள் (உட்பக்கம் மரை உள்ள வாய்) தடியாக டேப் சுற்றிய இரும்பு நிப்பிளை (வெளிப்பக்கம் மரை உள்ள குட்டைப் பைப்பை) பைப் ரெஞ்சால் இறுக்கினால் ஃபிட்டிங் பிளக்கும். அன்றைக்குத் தெரியாது, ஒரு மாதம் கழித்துத் தெரியும். குழாய் மாட்டும் இடங்களில் பித்தளைத் திரெட் உள்ள எல்போவே போடுங்கள்.

8. பாயிண்ட் (குழாயோ சாமானோ மாட்டும் இடம்) எடுப்பது

எந்த உயரத்தையும் சைட்டில் இருக்கும் கரடுமுரடான தரையிலிருந்து அளக்காதீர்கள். அதன் மேல் காங்கிரீட், டைல்ஸ் எல்லாம் வந்து மூன்று நாலு இஞ்ச் ஏறும். கொத்தனார் சுவரில் போட்டிருக்கும் லெவல் மார்க் முடித்த தரையிலிருந்து எத்தனை அடி என்று கேட்டு, அதிலிருந்து எடுங்கள்.

ஷவர் 7 அடி, வாஷ் பேசின் மேல் விளிம்பு 32 இஞ்ச் என்பது வழக்கம். சுவர் மிக்ஸருக்கு இரண்டு பாயிண்ட்டுகளின் நடுவுக்கு நடு 6 இஞ்ச். நின்று பார்க்கும்போது சுடுதண்ணீர் இடது, பச்சைத் தண்ணீர் வலது. கிளாசெட்டில் மட்டும் வழக்கம் என்று எதையும் நம்பாதீர்கள். தரை வழியாகக் கழிவு இறங்கும் எஸ் ட்ராப்புக்குச் சுவரிலிருந்து 9 இஞ்சும் உண்டு, 12 இஞ்சும் உண்டு. மாடல் நம்பர் கைக்கு வராமல் தரையில் பைப் வைக்கக் கூடாது.

பித்தளை எல்போவின் முகம், முடித்த டைல்ஸ் முகத்தோடு சமமாக வர வேண்டும். பூச்சு, பசை, டைல்ஸ் மூன்றின் கனத்தையும் கூட்டிச் சுவரின் முகத்துக்கு வெளியே அந்த அளவு விடுங்கள். உள்ளே போய்விட்டால் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போட்டுச் சமாளிக்கலாம். வெளியே துருத்தினால் வழியே இல்லை.

9. பிரஷர் டெஸ்ட்

கடைசி ஜாயிண்ட் ஒட்டி 24 மணி நேரம் கழித்துத்தான். எல்லாப் பாயிண்ட்டிலும் டம்மி (அடைக்கும் மூடி) போட்டு, உயரமான பாயிண்ட்டைத் திறந்து வைத்துக் கீழிருந்து மெதுவாகத் தண்ணீர் நிரப்புங்கள். காற்று முழுக்க வெளியேறிய பிறகு மூடிப் பம்ப் அடியுங்கள். வீட்டு வேலையில் 5 முதல் 7 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) வரை ஏற்றி, குறைந்தது இரண்டு மணி நேரம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். லைனில் காற்று தங்கியிருந்தால் கசிவே இல்லாவிட்டாலும் முள் இறங்கும், வீணாகத் தேடுவீர்கள். கம்ப்ரஸர் காற்றை வைத்து டெஸ்ட் செய்யவே கூடாது. பிளாஸ்டிக் பைப் காற்றழுத்தத்தில் உடைந்தால் சில்லுகள் குண்டு போலப் பறக்கும்.

டெஸ்ட் முடிந்ததும், பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப் தெரியும்படி போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கிறவர் பைப்பைத் துளைக்கும் நாளில் அந்தப் போட்டோ உங்களைக் காப்பாற்றும்.

டேங்க் உயரத்தைப் பற்றியும் இங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 கிலோ பிரஷர். மேல்மாடி ஷவருக்கும் டேங்குக்கும் 2 மீட்டர்தான் வித்தியாசம் என்றால் 0.2 கிலோ. அதில் ரெயின் ஷவர் சொட்டுமே தவிரக் கொட்டாது. பொருள் வாங்கும் முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பழி பிளம்பருக்கு.

10. மாட்டும் வேலை

இது சுலபம். மேலே உள்ளது சரியாக இருந்தால் தானாக வந்துவிடும். மாட்டுவதற்கு முன் லைனைத் திறந்து விட்டு மணலை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் புது மிக்ஸரின் கார்ட்ரிட்ஜில் (தண்ணீரைத் திறந்து மூடும் உட்பாகத்தில்) கீறல் விழும். கீஸரில் நீலம் உள்ளே வருவது, சிவப்பு வெளியே போவது. சேஃப்டி வால்வைக் கழற்றிப் போடவோ அதன் வாயை அடைக்கவோ கூடாது. சுடுதண்ணீர்க் குழாயில் தண்ணீர் தொடர்ச்சியாக வந்த பிறகே சுவிட்ச் போட விடுங்கள். காலித் தொட்டியில் போட்டால் எலிமெண்ட் கருகும். மின் இணைப்பு எலக்ட்ரீஷியன் வேலை.

11. மறுக்க வேண்டிய வேலை

செப்டிக் டேங்கிலோ பாதாளச் சாக்கடையிலோ இறங்கச் சொன்னால் இறங்காதீர்கள், யார் சொன்னாலும். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அதிகமாக இருந்தால் நாற்றமே தெரியாது, மூக்கு மரத்துவிடும். ஒருவர் மயங்கி, தூக்கப் போனவரும் மயங்கி, இரண்டு மூன்று பேராக இறப்பது இதனால்தான். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நாள்பட மூடிக் கிடந்த தண்ணீர்ச் சம்பிலும் இதே ஆபத்து உண்டு. மூடியைத் திறந்து காற்றாட விட்டு, மேலே ஒருவர் நிற்காமல் உள்ளே போகக் கூடாது.

தூணையும் பீமையும் வெட்டச் சொன்னாலும் நிறுத்துங்கள். கம்பி தெரிந்தால் இன்ஜினியரைக் கூப்பிட்ட பிறகுதான் அடுத்த வேலை.

12. ஒரு வருடம் முடிந்ததும் காகிதங்கள்

18 நிறைந்திருந்தால் கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி எல்லாம் அந்த அட்டையில்தான் வரும். புதுப்பிக்கும் தேதியைப் போனில் குறித்து வையுங்கள். தேதி தாண்டிய அட்டையை வைத்துக்கொண்டு உதவி கேட்டு அலைகிறவர்கள் ஏராளம்.

ஐ.டி.ஐ. போகாமல் மேஸ்திரியிடம் கற்றவர்கள், முன்கற்றலை அங்கீகரிக்கும் ஆர்.பி.எல். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கலாம். கேள்விகள் பெரும்பாலும் செய்முறையிலும் பாதுகாப்பிலும் இருக்கும். கருவிகளின் சரியான பெயரைச் சொல்லத் தெரியாமல் கோட்டை விடாதீர்கள்.

வெளிநாட்டு வேலைக்கு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தில் பதிவு செய்து வையுங்கள். தனியார் ஏஜெண்ட் என்றால் ஒன்றிய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்த்த பிறகே பாஸ்போர்ட்டைக் கொடுங்கள். சுற்றுலா விசாவில் அனுப்பி அங்கே போய் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

உள்ளூரிலேயே தனியாகத் தொடங்குபவர்கள், முதல் ஆறு மாதம் லேபர் கான்ட்ராக்ட் மட்டும் எடுங்கள். சாமானை வீட்டுக்காரரே வாங்கட்டும், பட்டியல் மட்டும் நீங்கள் எழுதிக் கொடுங்கள். எழுதியதற்கும் செலவானதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒவ்வொரு பாத்ரூமுக்கும் நோட்டில் குறித்து வாருங்கள். அந்த வித்தியாசம் இரண்டு மூன்று ஃபிட்டிங்குக்குள் வந்த பிறகு சாமானோடு சேர்த்து ரேட் பேசலாம்.